மேனேஜர் ‘ப்ளடி பிரில்லியண்ட்’ என்றால் கோபித்துக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: லீட்ஸ் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நான் முடித்துக் கொடுத்த வேலையைப் பார்த்துவிட்டு என் மேனேஜர், “தட்ஸ் ப்ளடி பிரில்லியண்ட்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நம் ஊரில் ‘ப்ளடி’ கெட்ட வார்த்தைதானே? இதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா? ரத்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நானும் இதைச் சொல்லலாமா?

பதில்:

பாராட்டுதான். சந்தேகமே வேண்டாம். அதுவும் யார்க்‌ஷயர்க்காரர் வாயிலிருந்து வந்த பாராட்டு. லீட்ஸ் இருக்கும் அந்தப் பக்கத்து மனிதர்கள் ‘நாட் பேட்’ என்று சொன்னாலே மாலை போட்ட மாதிரி. இன்று நிம்மதியாகத் தூங்குங்கள். மற்ற கேள்விகளுக்கான பதில் கொஞ்சம் நீளம், நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

நான் அதே யார்க்‌ஷயரில் ஒன்பது வருடம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவன். இப்போது ஊருக்கு வந்து ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறேன். இந்த ஒரு சொல் என் வேலையைத் தினமும் பத்து இடத்திலாவது நிறுத்திவைக்கும். அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், நிறையத் தப்பும் செய்திருக்கிறேன்.

என் முதல் தப்பு நான் போன முதல் குளிர்காலத்தில் நடந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வெளியே வந்தால் ஃபோர்மனின் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. “ப்ளடி கார்” என்று டயரை ஒரு உதை உதைத்தார். நான் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்ப்பர் கேபிள் மாட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. அவர் என் பக்கம் திரும்பி, “யூ ப்ளடி பியூட்டி!” என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்தவனை ‘ப்ளடி’ என்கிறானே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். அவர் அதைச் சொன்னது எனக்கா காருக்கா என்பது இன்றுவரை தெரியாது. யாருக்குச் சொல்லியிருந்தாலும் அது கொஞ்சல். ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே மனிதர் வாயில் ஒரே சொல் ஒருமுறை உதையாகவும் ஒருமுறை முத்தமாகவும் வந்தது.

ஆக, பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு என்று தனியாக ஒரு அர்த்தம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சொல்லின் சத்தத்தைக் கூட்டிவைப்பது மட்டும்தான் அதன் வேலை. ‘குட்’ பக்கத்தில் போட்டால் ரொம்ப நல்லது, ‘கோல்ட்’ பக்கத்தில் போட்டால் எலும்பு நடுங்கும் குளிர், ‘ஃபூல்’ பக்கத்தில் போட்டால் அடி முட்டாள்.

ரத்தம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்கள். நம் பேச்சையே கவனியுங்கள். ‘கொலைப்பசி’ என்கிறோம், யாரையும் கொல்வதில்லை. ‘மரண மாஸ்’ என்கிறோம், யாரும் சாவதில்லை. ‘பயங்கர அழகு’ என்றால் பயந்து ஓடுவதில்லை. ‘அநியாயத்துக்கு நல்லவன்’ என்பதில் அநியாயமும் நல்லவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பயமுறுத்துகிற சொற்கள் நாள்பட்ட புழக்கத்தில் பல்லை இழந்து ‘ரொம்ப’ என்ற வேலைக்கு வந்து சேரும். இது எல்லா மொழியிலும் நடப்பது. ‘ப்ளடி பசி’ என்பதை ‘கொலைப்பசி’ என்று எழுதிவிட்டால் என் சப்டைட்டில் வேலை அந்த வரியில் முடிந்தது.

ஆனால் ஏன் குறிப்பாக இந்தச் சொல்? இதற்கு நாலைந்து கதைகள் உண்டு. மிகவும் பிரபலமானது, ‘பை அவர் லேடி’, அதாவது மேரி மாதா மேல் ஆணை என்பது தேய்ந்து ‘ப்ளடி’ ஆனது என்கிற கதை. பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆணையிடும் தொடர் வாக்கியத்துக்கு வெளியே தனியாக நிற்க வேண்டும். இந்தச் சொல்லோ 17ஆம் நூற்றாண்டில் நமக்குக் கிடைக்கும்போதே ‘ப்ளடி ட்ரங்க்’ என்று, முழு போதையைச் சொல்லும் அடைமொழியாகத்தான் வருகிறது. ‘மாதா மேல் ஆணை குடித்திருந்தான்’ என்று அங்கே பொருத்திப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. இன்னொரு கதை, கிறிஸ்துவின் ரத்தத்தின் மேல் ஆணையிடும் பழைய வசவிலிருந்து வந்தது என்பது. மூன்றாவது, அந்தக் காலத்தில் குடித்துவிட்டு ரகளை செய்த பணக்கார வீட்டு இளைஞர்களை ‘ப்ளட்ஸ்’ என்று அழைத்தார்கள், ‘அவர்களைப் போலக் குடித்தவன்’ என்பதிலிருந்து வந்தது என்பது. முதல் உதாரணங்கள் எல்லாம் குடியைச் சுற்றியே இருப்பதால் இது ஓரளவு பொருந்துகிறது. என்னைக் கேட்டால் இத்தனை சுற்று தேவையில்லை. கொலைப்பசிக்கு யாரும் சரித்திரம் தேடுவதில்லையே.

ஆரம்பத்தில் இது கெட்ட வார்த்தையாகவும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு பாதிரியார். 1711-இல் அவர் தன் தோழி ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதத்தில், இன்று நடந்துபோனபோது ‘ப்ளடி ஹாட்’ என்று வெயிலைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் எழுதுகிறார். பாதிரியார் ஒரு பெண்ணுக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடிய சொல்லாக இருந்திருக்கிறது. அதற்கு நாற்பது ஐம்பது வருடங்களுக்குள் காற்று மாறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் ஜான்சனின் அகராதி வரும்போது ‘மிகவும் கொச்சையானது’ என்ற முத்திரை விழுகிறது. 1880களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் அந்தப் பகுதியைத் தொகுத்தபோது, அடிமட்ட வகுப்பினர் வாயில் ஓயாமல் புழங்குவது, மரியாதைப்பட்டவர்களுக்கு அருவருப்பான சொல், செய்தித்தாள்களில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் போட்டு நடுவில் கோடு இழுத்து அச்சிடுவது வழக்கம் என்று குறித்துவைத்தார்கள்.

சொல் மாறவில்லை, சொல்லுகிறவர்கள் மாறிவிட்டார்கள். துறைமுகத் தொழிலாளியும் சிப்பாயும் வண்டிக்காரனும் வாய்க்கு வாய் சொல்லத் தொடங்கியதும், நடுத்தர வீடுகள் காதைப் பொத்திக்கொண்டன. தெய்வ நிந்தனையோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஒரு சொல் எவ்வளவு கெட்டது என்பதை அது யார் வாயில் அதிகம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்கிற பழக்கம் நம் ஊருக்கும் புதிதில்லை. மெட்ராஸ் பாஷையில் சொன்னால் கொச்சை, அதையே சமஸ்கிருதம் கலந்து சொன்னால் இலக்கியம்.

அந்தக் காலத்து நடுக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு வேடிக்கை. நாடகாசிரியர் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் 1887 ஜனவரியில் லண்டன் சவாய் தியேட்டரில் ‘ரட்டிகோர்’ என்று ஒரு இசை நாடகம் போட்டார்கள். ‘ரட்டி’ என்றால் சிவந்த என்று பொருள், ‘ப்ளடி’ சொல்ல முடியாதவர்கள் அதற்குப் பதிலாகச் சொல்லும் சொல்லும்கூட. தலைப்பைப் பார்த்தே சிலர் முகம் சுளிக்க, எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிச் சமாளித்தார்கள். ‘ரட்டியும் ப்ளடியும் ஒன்றுதானே’ என்று ஒருவர் கேட்டதற்கு கில்பர்ட் சொன்னதாக ஒரு பதில் உலவுகிறது: “அப்படியானால் உங்கள் சிவந்த முகத்தை நான் ரசிக்கிறேன் என்று சொல்வதும், உங்கள் ப்ளடி திமிரை நான் ரசிக்கிறேன் என்று சொல்வதும் ஒன்றாகிவிடும். முதலாவதை ரசிக்கிறேன், இரண்டாவதை இல்லை.” ஆங்கிலத்தில் கன்னத்துக்கும் திமிருக்கும் ‘சீக்’ என்று ஒரே சொல் என்பதால் அந்த மொழியில் இது இன்னும் நன்றாகக் கடிக்கும்.

பிறகு 1914 ஏப்ரல் 11. லண்டனில் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டர். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’. தெருவில் பூ விற்ற எலைசாவுக்குச் சீமாட்டி மாதிரி பேசச் சொல்லிக்கொடுத்து, ஒரு பெரிய மனுஷி வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். உச்சரிப்பு அப்பழுக்கில்லை. விடைபெறும்போது ஒரு இளைஞன், பூங்கா வழியாக நடந்தா போகிறீர்கள் என்று கேட்கிறான். அவள் அதே சுத்தமான உச்சரிப்பில், “நடந்தா! நாட் ப்ளடி லைக்லி. நான் டாக்ஸியில் போகிறேன்” என்கிறாள். அரங்கம் முதலில் அதிர்ந்தது, அப்புறம் சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாகச் சொல்வார்கள். சில பத்திரிகைகள் அந்தச் சொல்லை அச்சிடவே மறுத்தன. நாடகங்களைத் தணிக்கை செய்துகொண்டிருந்த லார்ட் சேம்பர்லின் அலுவலகம் அதை வெட்டாமல் விட்டது பேச்சாகிவிட்டது. கொஞ்ச காலத்துக்கு லண்டனில் ‘நாட் பிக்மேலியன் லைக்லி’ என்று சொல்லிச் சிரிப்பது நாகரிகமாக இருந்தது.

அந்த அதிர்ச்சி எவ்வளவு சீக்கிரம் ஆறிப்போனது என்பதற்கு அளவுகோலும் இதே கதையில் இருக்கிறது. 1950களில் இதை ‘மை ஃபேர் லேடி’ என்ற இசை நாடகமாக மாற்றியபோது ‘ப்ளடி’ யாரையும் திடுக்கிட வைக்காது என்று ஆகியிருந்தது. அதனால் குதிரைப் பந்தய மைதானத்துக்கு எலைசாவைக் கொண்டுபோய், பின்புறத்தைச் சொல்லும் வேறொரு சொல்லைக் கத்தவைத்தார்கள். நாற்பது வருடத்தில் மிளகாய் வாழைக்காயாகிவிட்டது.

இடையில் முதல் உலகப் போர் வந்துபோனது. அதில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1916 மே 31, ஜட்லண்ட் கடற்போர். பிரிட்டிஷ் அட்மிரல் டேவிட் பீட்டியின் கண்ணெதிரே அரை மணி நேரத்துக்குள் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறுகின்றன. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர் பக்கத்தில் நின்ற கேப்டனிடம் சொன்னது: “இன்றைக்கு நம்ம ப்ளடி கப்பல்களுக்கு என்னவோ ஆகிவிட்டது போல.” உண்மையாகவே ரத்தம் ஓடுகிற இடத்தில் இந்தச் சொல் வருகிறது, ஆனால் அதில் ரத்தம் துளிகூட இல்லை. கட்டுப்படுத்திய எரிச்சல் மட்டும்தான். சப்டைட்டில்காரனாக அந்த வரிக்கு நான் ‘இந்த எழவு கப்பல்களுக்கு’ என்று போடுவேன்.

‘எழவு’. நீங்கள் தேடும் தமிழ்ச்சொல் அதுதான். “இந்த எழவு வண்டி கிளம்ப மாட்டேங்குது”, “எங்க வச்சேன் அந்த எழவு சாவிய?” என்று நாம் சொல்லும்போது சாவியின் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. தேடும் எரிச்சலைப் பக்கத்தில் கிடைத்த பெயர்ச்சொல்லின் தலையில் கட்டுகிறோம். ‘வேர் ஆர் மை ப்ளடி கீஸ்’ என்பதும் அதேதான். இலக்கணப்படி அது சாவிக்கு அடைமொழி, உண்மையில் அது முழு வாக்கியத்துக்கும் ஊற்றிய குழம்பு. ‘பாழாய்ப்போன’, ‘சனியன் புடிச்ச’, ‘கண்றாவி’ எல்லாமும் இந்தக் குடும்பம்தான். ஆனால் ஒரு இடத்தில் எழவு கைவிட்டுவிடும். ‘ப்ளடி குட்’ என்பதை ‘எழவு நல்லா இருக்கு’ என்று சொல்ல முடியாது. அங்கே ‘அநியாயத்துக்கு நல்லா இருக்கு’ என்றோ ‘செம’ என்றோ தாவ வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே கத்தி, தமிழில் இரண்டு.

அந்த ஒரே கத்தியை அவர்கள் எங்கெல்லாம் செருகுகிறார்கள் என்பதில்தான் எனக்கு ருசி. பெயருக்கு முன்னால், பண்புக்கு முன்னால் என்பதெல்லாம் சாதாரணம். வினைக்கு முன்னால் வரவேண்டுமானால் ஒரு ‘வெல்’ சேர்ந்துகொள்ளும். ‘யூ கேன் ப்ளடி வெல் வெயிட்’ என்றால், ‘பேசாம நில்லு, உன் வரிசை வரட்டும்’ என்று அர்த்தம். ‘வெல்’ என்பதற்கு நன்றாக என்று பொருள் எடுத்துவிடாதீர்கள், அதில் நன்மை எதுவும் கிடையாது. ‘அபவுட் ப்ளடி டைம்’ என்றால் ‘இப்பவாவது வந்தியே’. பஸ் இருபது நிமிடம் தாமதமாக வரும்போது லீட்ஸ் நிறுத்தத்தில் நின்று கேளுங்கள், யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லையே வெட்டி நடுவில் வைப்பார்கள். ‘அப்ஸலூட்லி’ என்பது ‘அப்ஸோ-ப்ளடி-லூட்லி’ ஆகும். ‘ஃபேன்டாஸ்டிக்’ என்பது ‘ஃபேன்-ப்ளடி-டாஸ்டிக்’. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்று நினைத்து நான் ஒருமுறை ‘ஃபேன்டாஸ்-ப்ளடி-டிக்’ என்று சொல்லி, டீ இடைவேளையில் பத்துப் பேர் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன். எந்த அசையில் குரல் அழுத்தம் விழுகிறதோ, அதற்குச் சரியாக முன்னால்தான் வெட்ட வேண்டும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு நம் ‘ல’வும் ‘ள’வும் எப்படித் தானாக வருகிறதோ (இப்போதெல்லாம் வருவதில்லை என்பது வேறு விஷயம்) அப்படி வருகிறது. ஆஸ்திரேலியாவில் டம்பரம்பா என்றொரு ஊர் உண்டு. அந்த ஊர்ப் பெயரையும் கங்காருவையும் இப்படி வெட்டி, ‘டம்பா-ப்ளடி-ரம்பா’, ‘கங்கா-ப்ளடி-ரூ’ என்று ஒரு கவிதையே இருக்கிறது.

‘ப்ளடி ஹெல்’ என்பது தனி ஆள். அதற்கு வாக்கியம் எதுவும் தேவையில்லை. நம் ‘அடப்பாவி’ மாதிரி, ‘அடச்சே’ மாதிரி, சில சமயம் ‘அம்மாடியோவ்’ மாதிரி. பில் தொகையைப் பார்த்தாலும் சொல்வார்கள், சக ஊழியரின் கல்யாணப் படத்தைப் பார்த்து அசந்தாலும் சொல்வார்கள். ஹாரி பாட்டர் படங்களில் ரான் வாயைத் திறந்தால் இதுதான். குழந்தைகள் படத்திலேயே வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அவ்வளவுதான் இன்று இதன் காரம். உங்கள் பக்கத்தில் ‘ஹ’வை விழுங்கிவிட்டு ‘ப்ளுடி எல்’ என்பார்கள். வட இங்கிலாந்தில் அந்த உயிரொலி ‘புட்’ என்பதில் வரும் உகரம் போல ஒலிக்கும். அதனால் முதல் மாதத்தில் உங்கள் காதுக்கு அது வேறு ஏதோ சொல்லாகவும் படலாம்.

இன்றைய அந்தஸ்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2016-இல் வசவுச் சொற்களைப் பற்றி மக்களிடம் கேட்டுத் தரம் பிரித்தபோது, இது மிக லேசானது என்ற கீழ்த்தட்டில்தான் வந்தது. அறுபதுகளில் மேரி வைட்ஹவுஸ் என்ற பெண்மணி ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வந்த ‘ப்ளடி’களுக்காகக் கொடிபிடித்துப் போராடியதை இப்போது சொன்னால் இளையவர்கள் நம்பமாட்டார்கள். ராஜ வீட்டிலேயே புழக்கம் உண்டு. பட்டத்து இளவரசராக இருந்தபோது சார்லஸ் 1989-இல், பள்ளிகளில் ஆங்கிலத்தை ‘ப்ளடி மோசமாக’ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். அரசரான சில நாட்களில், 2022 செப்டம்பர் 13 அன்று, வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ மாளிகையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா ஒழுகி விரலெல்லாம் மை. “இந்த ப்ளடி சமாச்சாரத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை” என்று அவர் சொன்னது கேமராவில் பதிவாகிவிட்டது. மக்கள் திட்டவில்லை. ஒழுகும் பேனா எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

பாராட்டுக்கும் வசவுக்கும் நடுவில் இது ஊஞ்சலாடும் அழகுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2016 ஜூலையில் கென்னத் கிளார்க் என்ற மூத்த அரசியல்வாதி ஸ்கை நியூஸ் ஸ்டுடியோவில், மைக் ஓடுகிறது தெரியாமல், பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட தெரசா மேயை ‘ப்ளடி டிஃபிகல்ட் வுமன்’ என்று சொல்லிவிட்டார். நம் மொழியில் ‘அந்தம்மாவோட மல்லுக்கட்ட முடியாது’. தெரசா மே கோபித்துக்கொள்ளவில்லை. அதையே எடுத்துப் பதக்கம் போலத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். ஆமாம், நான் அப்படித்தான், ஐரோப்பியத் தலைவர்களும் அதைத் தெரிந்துகொள்வார்கள் என்றார். சில நாட்களில் பிரதமரும் ஆனார்.

ஆஸ்திரேலியாவுக்குப் போனால் இது வசவுக் கணக்கிலேயே வராது. அங்கே 1890களிலேயே இதை ‘மாபெரும் ஆஸ்திரேலிய அடைமொழி’ என்று கேலியும் பெருமையுமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். விக்டோரியா மாநில அரசு விபத்து ஆணையம் 1989-இல் தொடங்கிய விளம்பரத்தின் வாசகமே, குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நீ ஒரு ‘ப்ளடி இடியட்’ என்பதுதான். அரசாங்கமே பொதுமக்களை இப்படித் திட்டியிருக்கிறது, மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தைரியத்தில் 2006-இல் அந்த நாட்டுச் சுற்றுலாத் துறை, கடற்கரையையும் கங்காருவையும் காட்டி, ‘எல்லாம் தயார், நீங்கள் எங்கே ப்ளடி ஹெல் இருக்கிறீர்கள்?’ என்று உலகத்தையே கூப்பிட்டது. பிரிட்டனில் விளம்பரங்களைச் சரிபார்க்கும் அமைப்பு அந்தச் சொல்லுக்காகத் தொலைக்காட்சியில் தடை போட்டது. தன் வீட்டிலிருந்து கப்பலேறிப் போன சொல் திரும்பி வந்தபோது கதவைச் சாத்தினார்கள். ஆஸ்திரேலிய அமைச்சர் போய்ச் சண்டை போட்ட பிறகு தடை தளர்ந்தது. அந்த விளம்பரம் வந்தபோது சுற்றுலா அமைப்பின் தலைமையில் இருந்த ஸ்காட் மாரிசன்தான் 2018-இல் பிரதமரானவர். அதற்குப் பிறகு எதிர்க்கட்சிகள் அந்த வாசகத்தை அவர் மீதே எத்தனை தடவை திருப்பிப் போட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

இனி உங்கள் குழப்பத்தின் வேருக்கு வருகிறேன். நம் காதுக்கு இது ஏன் கெட்ட வார்த்தையாகவே விழுகிறது?

நம் ஊரில் ‘ப்ளடி’க்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் நிற்பான். ப்ளடி ஃபூல், ப்ளடி ராஸ்கல், ப்ளடி இடியட். குளிரையோ டீயையோ யாரும் ப்ளடி என்பதில்லை. என் ஊகம் இது: தோட்டத்துரையும் ராணுவ அதிகாரியும் ரயில்வே துரையும் தங்களுக்குள் பேசிய ஆயிரம் ‘ப்ளடி’களை நம்மவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வாய்ப்பில்லை. நம் பக்கம் திரும்பி வீசப்பட்டவற்றை மட்டும்தான் கேட்டோம். அவை எல்லாம் வசவுகள். வாங்கிய வசவையே பொருள் என்று எடுத்துக்கொண்டோம், பிறகு அதை நமக்குக் கீழே இருப்பவர்கள் மீது வீசக் கற்றுக்கொண்டோம். என் பள்ளியில் பி.டி. வாத்தியார் வரிசை கோணலானால் ‘ப்ளடி ஃபூல்ஸ்’ என்பார். அவர் வாயில் வேறு ஆங்கில வார்த்தை எதையும் நான் கேட்டதில்லை. பழைய தமிழ்ப் படங்களில் கோட்டு போட்ட பணக்கார அப்பா, மகளைக் காதலிக்கும் ஏழையைப் பார்த்து உறுமுவதும் இதுதான்.

இரண்டு சமீபத்திய தமிழ்ப் படங்களை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் கண்ணாடி போலத் தெரியும். 2023-இல் ‘லியோ’ படத்தின் அறிவிப்போடு வந்த ‘ப்ளடி ஸ்வீட்’ என்ற வாசகம் பிரிட்டிஷ் இலக்கணம். பண்புச் சொல்லுக்கு முன்னால் நின்று இனிப்பைக் கூட்டுகிறது, சாக்லேட்டும் ரத்தமும் சேர்ந்த சிலேடை வேறு. 2024-இல் வந்த ‘ப்ளடி பெக்கர்’ என்ற தலைப்பு நம் ஊர் இலக்கணம். ஆளுக்கு முன்னால் நின்று ஆளைத் தாழ்த்துகிறது. இரண்டையும் நாம் தடையில்லாமல் புரிந்துகொள்கிறோம், ஆனால் மேனேஜர் சொல்லும்போது மட்டும் இரண்டாவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஒன்றிரண்டு இடத்தில் நிஜ ரத்தம் இருக்கிறது, கலந்துவிடாதீர்கள். ‘ப்ளடி சண்டே’ என்றால் 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் போனவர்களைச் சுட்ட ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது. ‘ப்ளடி மேரி’ என்பது புராட்டஸ்டண்டுகளை எரித்த 16ஆம் நூற்றாண்டு ராணிக்கு விழுந்த பட்டப்பெயர், தக்காளிச் சாறு போட்ட மதுவுக்கும் அதே பெயர். ‘ப்ளடி-மைண்டட்’ என்றால் கொலைகாரப் புத்தி இல்லை, வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறவன்.

நீங்கள் சொல்லலாமா என்று கேட்டீர்கள். என் கருத்து, இப்போதைக்கு வேண்டாம். தடை எதுவும் இல்லை, ஆனால் இந்தச் சொல்லின் எடை முழுவதும் தொனியில் இருக்கிறது, அந்தத் தொனி மூன்று வாரத்தில் வராது. நம் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் முதல் மாதத்திலேயே ‘எழவு’ என்று சொன்னால் நாம் சிரிப்போம், கொஞ்சம் சங்கடமும் படுவோம். அதே நிலைமைதான். ஒரு வருடம் போகட்டும். சாவி தொலைந்த ஒரு நாளில் அது தானாக வாயில் வரும், அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கவும் மாட்டார்.

அப்போதும் சில இடங்களில் நாக்கைக் கட்டுங்கள். ‘யூ’ என்று தொடங்கி ஆளுக்கு முன்னால் வைத்தால் அங்கேயும் அது சண்டைதான். நெருங்கிய நண்பர்களுக்குள் மட்டும் அது செல்லம். ஒரு நாட்டின் பெயருக்கோ இனத்தின் பெயருக்கோ முன்னால் போட்டால் லேசான வசவு என்ற சலுகையெல்லாம் காணாமல் போய்விடும், அது துவேஷம். யாராவது உங்களை அப்படிச் சொன்னால் அதைச் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் நேராக எச்.ஆரிடம் போங்கள். நோயாளி, வாடிக்கையாளர், சக ஊழியரின் குழந்தை, தேவாலயத்துக்குப் போகும் வயதான பாட்டி, இவர்கள் முன்னாலும் வேண்டாம். ரொம்ப ஆசையாக இருந்தால் ‘ப்ளூமிங்’, ‘ப்ளிங்கிங்’, ‘ஃப்ளிப்பிங்’ என்று பல் பிடுங்கிய தம்பிமார்கள் இருக்கிறார்கள். நாம் கோபத்தில் ‘எழவு’ என்று தொடங்கி, பெரியவர்கள் இருப்பதைப் பார்த்ததும் ‘எழ... எலந்தப்பழம்’ என்று மாற்றிக்கொள்வோமே, அந்த மாதிரி.

மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் மனதில் இருக்கும். ‘சியர்ஸ்’ போதும். அங்கே அதற்கு நன்றி என்று பொருள், கையில் கிளாஸ் இருக்க வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, எழவு என்ற மொழிபெயர்ப்பைப் பற்றி இவ்வளவு பெருமையாகச் சொன்னேன் அல்லவா. போன மாதம் நான் சப்டைட்டில் எழுதிய ஒரு துப்பறியும் தொடரை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மழையில் நனைந்துகொண்டு ஒரு இன்ஸ்பெக்டர் ‘ப்ளடி ரெயின்’ என்கிறார், கீழே ‘இந்த எழவு மழை’ என்று என் வரி. அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார். “வெள்ளிக்கிழமை, விளக்கு வச்ச நேரம். பெய்யுற மழையப் போயி எழவுன்னு எழுதியிருக்கான் பாரு, எவன்டா அவன்?” என்றார். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.